கரை இறக்கத்தில் என்ன வேகம்?

ஆர்.எஸ்.மங்கலத்துக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்கும். சைடு டிரம்மை முதுகில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் மொபெட் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஓட்டி வருகிறவன் யார் என்று தெரிந்ததும், ரோட்டோரக் கருவேலங்காட்டுக்குள் இறங்கிவிடலாமா என்று யோசித்தேன். முள் எனக்குக் குத்தினால் பரவாயில்லை, டிரம்மில் ஓட்டை விழுந்தால் பிழைப்பு போய்விடும். அடி வாங்குவதே மேல் என்று நின்றுவிட்டேன்.

அவன் பெயர் காளிமுத்து. முந்தின நாள் சாயங்காலம் என்னால்தான் அவன் மனைவி கீழே விழுந்திருந்தாள்.

தம்பிகளா, பேண்டு செட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். இந்தப் பாட்டுக்கு என்ன வேகம், நூற்றிருபதா, நூற்று முப்பத்திரண்டா? உங்கள் போனில் அதற்கு ஒரு ஆப் இருக்கிறது. எண்ணைப் போட்டால் டக் டக் என்று தட்டிக் காட்டுகிறது. நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஆனாலும் அந்த எண்ணுக்குப் பொருள் தெரியும். ஒரு நிமிடத்தில் இத்தனை அடி, அவ்வளவுதான். அந்த ஆப் வந்த புதிதிலேயே, அப்போது நான் இருந்த செட்டின் மாஸ்டர் தன் நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே எண் போட்டுவிட்டார். அதற்கு முன்பு அந்த இடத்தில் நிதானம், நடை, ஓட்டம் என்று மூன்றே சொற்கள்தான் இருந்தன. எண் வந்ததும் சொற்களை அடித்துவிட்டார். எனக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. சொல்லை வைத்துச் சண்டை போடலாம், எண்ணை வைத்து யாரும் சண்டை போட முடியாது என்று நினைத்தேன்.

காளிமுத்துவின் ஊரில் முளைப்பாரித் திருவிழா. பத்து நாள் விரதம் இருந்து, இருட்டு வீட்டில் தானியத்தை முளைக்கப் போட்டு, வளர்ந்த பயிரைப் பானையோடு தலையில் வைத்துப் பெண்கள் கண்மாய்க்குக் கொண்டுபோவார்கள். தண்ணீரில் கரைத்துவிட்டால் திருவிழா முடிந்தது. ஊர்வலத்தில் முன்னால் ஊர்ப் பையன்கள் ஆடிக்கொண்டு போவார்கள், பின்னால் பெண்கள் சுமந்துகொண்டு வருவார்கள். நடுவில் நாங்கள். எங்கள் முகம் ஆடுகிறவர்கள் பக்கம், முதுகு சுமக்கிறவர்கள் பக்கம். எந்த ஊரிலும் செட்டு அப்படித்தான் நிற்கும். யாரும் அதை யோசித்துப் பார்த்ததில்லை, நானும்தான்.

கண்மாய்க் கரைமேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்க வேண்டும். ஆவணி மாதம். மழைக்கு முந்தின காலம் என்பதால் கண்மாய் வெடித்துக் கிடந்தது. மடைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர். முதலில் இறங்கிய பையன்கள் கீழே வெட்டவெளியைப் பார்த்ததும் ஆட்டத்தைக் கூட்டினார்கள். ஏத்துண்ணே, ஏத்துண்ணே என்று என் டிரம்மைப் பார்த்துக் கையை உயர்த்தினார்கள். நோட்டில் நூற்று முப்பத்திரண்டு. நான் ஏற்றினேன். எவ்வளவு ஏற்றினேன் என்று எனக்கே தெரியாது. ஆடுகிறவன் உன் கையைப் பார்த்துக் கும்பிடும்போது எண்ணெல்லாம் ஞாபகத்தில் நிற்காது.

பின்னால் ஒரு அலறல் கேட்டது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் நடந்து முடிந்துவிட்டது. ஐந்தாவதாக வந்த பாண்டியம்மாள் சரிவில் கால் பிசகி முட்டி போட்டு விழுந்திருந்தாள். பானை தலையிலிருந்து சரிந்து மார்புக்கு வந்திருந்தது. அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். பானையின் விளிம்பு உடைந்து, பாதி மண் கொட்டி, பயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மற்றவர்கள் பாரியைக் கரைத்துவிட்டார்கள். அவள் பாரியை என்ன செய்வதென்று கரையிலேயே பேச்சு முற்றியது. கடைசியில் பூசாரி அதைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கே போய்விட்டார்.

விடிந்ததும் செட்டு வேன் பரமக்குடிக் கல்யாணத்துக்குக் கிளம்பியது. நான் ஏறப் போனபோது, நீ வேண்டாம் என்றார் மாஸ்டர். டிரம் என்னுடையது, அதனால் அதை இறக்கிக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன். அதற்கு முன்பும் நாலைந்து செட்டிலிருந்து நான் இப்படி நடந்திருக்கிறேன். ஒரு தடவைகூட நான் செய்த தப்புக்காக நடந்ததில்லை. இது அப்படியில்லை.

காளிமுத்து மொபெட்டை நிறுத்தினான், இறங்கவில்லை.

"ஏறு."

"எங்க?"

"எங்கன விழுந்தாளோ அங்கன. நீ கெடுத்தது, நீயே கொண்டுபோயிச் சேத்துட்டுப் போ."

போகிற வழியில்தான் விஷயத்தைச் சொன்னான். பானையின் அடி உடையவில்லை என்பதால் இன்னொரு தடவை எடுக்கலாம் என்று பூசாரி சொல்லியிருக்கிறார். ஆனால் காப்பு அவிழ்ப்பதற்கு முன்பு, உச்சிப் பொழுதுக்குள் கரைத்துவிட வேண்டும். தலையில் ஏற்றிய பாரியைத் தண்ணீரில் தவிர வேறு எங்கும் இறக்கக் கூடாது. மேளம் இல்லாமல் எடுக்கவும் கூடாது. மேளம் வேனில் ஏறிப் போய்விட்டது, மிச்சம் இருந்தது ரோட்டில் நடந்துகொண்டிருந்த நான் மட்டும்.

ஒரு பானைக்காக இவ்வளவா என்று எனக்குத் தோன்றியது. வாயை விட்டுக் கேட்டும்விட்டேன். அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்துச் சொன்னான். அந்த ஊரில் விதைப்புக்கு முதல் கை விதை போடுவது பாண்டியம்மாள்தான். ராசியான கை என்று பெயர். அந்தப் பெயரை வைத்துத்தான் களையெடுப்பு, கதிரறுப்பு எல்லாவற்றுக்கும் நிலத்துக்காரர்கள் அவளிடம் வந்து ஆள் கேட்பார்கள். பன்னிரண்டு பெண்கள் அவளை நம்பி வேலைக்குப் போகிறார்கள். விதைப்புக்கு இன்னும் சில நாள்தான். நேற்றைக்கே ஒருவர், இந்த வருஷம் வேறு கையைப் பார்ப்போமா என்று டீக்கடையில் பேசியிருக்கிறார்.

கோயிலுக்குப் போனபோது பாண்டியம்மாள் தயாராக இருந்தாள். வலது கணுக்கால் வீங்கியிருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசித் துணியால் கட்டியிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் பொழுதைப் பாருங்கள் என்று நிறுத்திவிட்டாள்.

நான் அவளைச் சும்மா பத்து அடி நடந்து காட்டச் சொன்னேன். என்ன வேகம் சரிப்படும் என்று பார்க்கத்தான்.

"என்னண்ணே, பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி நடந்து காட்டச் சொல்றீக" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் நடந்து காட்டினாள். நொண்டல் பெரிதாகத் தெரியவில்லை. அந்த வேகத்தை மனதில் பிடித்து வைத்துக்கொண்டேன்.

தலையில் சும்மாடு வைத்துப் பானையை ஏற்றினார்கள். குலவை போட்டார்கள். நான் அடிக்க ஆரம்பித்த பத்தாவது அடியிலேயே, பிடித்து வைத்திருந்த வேகம் தப்பு என்று தெரிந்துவிட்டது. வெறுந்தலையோடு நடக்கிற கால் வேறு, சுமையோடு நடக்கிற கால் வேறு. இடது கால் சரியாக வந்தது. வலது கால் தரையைத் தொட்டுப் பார்த்து, கொஞ்சம் நின்று, அப்புறம்தான் ஊன்றியது. ஒரு அடி குட்டை, ஒரு அடி நெட்டை. நான் அடித்த சமமான தாளத்தில் அவள் வலது கால் ஒவ்வொரு தடவையும் பிந்தியது. பிந்தியதைப் பிடிக்க இடது காலை அவசரமாக வைத்தாள். பானை ஆடியது.

அப்போது, அனுபவசாலி என்று பெயரெடுத்த நான் என்ன செய்தேன் தெரியுமா? நேற்று அவள் பக்கம் திரும்பாமல் அடித்தது தப்பு, இன்றைக்கு அவள் காலை மட்டும் பார்த்து அடிப்போம் என்று முடிவு செய்தேன். அவள் பக்கத்திலேயே நடந்தேன். வலது கால் ஊன்றிய பிறகு ஒரு அடி, இடது கால் ஊன்றிய பிறகு ஒரு அடி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோயில் தெரு முடிவதற்குள் நாங்கள் இருவரும் நின்றுபோகிற நிலைக்கு வந்துவிட்டோம். நான் அவள் காலுக்குக் காத்திருந்தேன். அவள் கால் என் அடிக்குக் காத்திருந்தது. ஒருவருக்கு ஒருவர் வழிவிட்டு, வழிவிட்டு, நடுத்தெருவில் அசையாமல் நின்றோம். பானைக் கனத்தில் அவள் கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது. பின்னால் வந்த பெண்களின் குலவையும் அடங்கிவிட்டது.

பாண்டியம்மாள் தலையைத் திருப்ப முடியாது. நேராகப் பார்த்துக்கொண்டே, பல்லைக் கடித்துச் சொன்னாள்:

"அண்ணே, எங்காலப் பாக்காதீக. நீங்க அடிங்க, நான் வாரேன்."

இந்தச் செட்டுத் தொழிலில் முப்பது வருஷம் இருந்தேன். எனக்கு யாராவது பாடம் சொன்னார்கள் என்றால் அது இந்த ஒரு வரிதான். சொன்னவளுக்குத் தாளம் தெரியாது. சுமந்து நடப்பவளுக்கு என்ன வேண்டும் என்று தெரியும். அடுத்த அடி எப்போது விழும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், அவ்வளவுதான். நல்லெண்ணத்தில் நான் கொடுத்த தாளத்தில் அது இல்லை. நேற்று வேகமாக அடித்தேன், இன்று மெதுவாக அடித்தேன். இரண்டு நாளும் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கொடுக்கவில்லை.

கண்ணை அவள் காலிலிருந்து எடுத்தேன். வலது கால் தொட்டு, நின்று, ஊன்ற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது அதற்குள் என் காதில் பதிந்திருந்தது. நல்ல காலுக்கும் அதே நேரம்தான் என்று முடிவு செய்தேன். நோகிற காலுக்குப் போதுமான வேகம் நல்ல காலுக்கும் போதும், நல்ல கால் காத்திருக்கட்டும். அந்த வேகத்தில் மூன்று அடி காலியாக அடித்துக் காட்டினேன். நாலாவது அடிக்கு அவள் காலை எடுத்தாள்.

மெதுவாக அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வேகமாக அடிக்கும்போது கை கையை இழுத்துக்கொண்டு போகும். மெதுவாக அடிக்கும்போது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் பெரிய வெற்றிடம் இருக்கிறது. அதில் பயம் வந்து உட்காரும். உச்சிப் பொழுது நெருங்குகிறதே, ஆள்கள் பார்க்கிறார்களே, சீக்கிரம் அடித்து அந்த வெற்றிடத்தை மூடிவிடு என்று கை துடிக்கும். டீக்கடை வாசலில் முந்தின நாள் ஆடிய பையன்கள் நின்றார்கள். சாவு மேளமாண்ணே என்று ஒருவன் கேட்டான். கூட இருந்தவன் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கரைமேல் ஏறிவிட்டோம். ஏற்றத்தில் பிரச்சினை இல்லை, ஏற்றம் தானாகவே காலைப் பிடித்து வைக்கும். மேலே போனதும் எதிரே மடைப் பள்ளத்துத் தண்ணீர் தெரிந்தது. இறக்கம், முந்தின நாள் அவள் விழுந்த அதே சரிவு. கொட்டிய மண்கூட அங்கேயேதான் கிடந்தது.

காளிமுத்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, விழுந்தால் பிடிக்கத் தயாராக அவள் பக்கத்தில் வந்துகொண்டிருந்தான். அவன் முகத்தில் வியர்வை ஊற்றியது. சரிவில் முதல் அடி வைத்ததும் அவனால் தாங்க முடியவில்லை.

"கொஞ்சம் வெரசா அடிய்யா. ரெண்டு எட்டுல எறங்கீரட்டும். நின்னு நின்னு வச்சா கால் தாங்காது."

யோசித்துப் பாருங்கள். அவன் அவள் புருஷன். அவளுக்கு நல்லது நினைப்பவன். என்னை அடிக்காமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவன். அவன் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. சரிவில் காலும் வேகமாகத்தான் போகப் பார்க்கும். அவன் பேச்சைக் கேட்டு ஏற்றினால், விழுந்தாலும் பழி அவனுக்கு. ஏற்றாமல் அவள் விழுந்தால், இரண்டாவது தடவையும் பழி எனக்கு. இறங்கும் கால் எதன் பேச்சைக் கேட்கும் என்று மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. நேற்று என் டிரம் பேச்சைக் கேட்டுத்தான் விழுந்தது.

"ஏத்த மாட்டேன்" என்றேன். அடியை நிறுத்தாமல்தான் சொன்னேன்.

அவன் கெட்ட வார்த்தையில் ஏதோ திட்டினான். நான் அடித்தேன். அதே வெற்றிடம், அதே அடி. கொஞ்சம் சத்தத்தை மட்டும் கூட்டினேன், வேகத்தைக் கூட்டவில்லை. வேகத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்கிறவர்களுக்குப் பெரும்பாலும் சத்தம்தான் தேவைப்படும் என்பது நான் அன்றைக்கு அந்தச் சரிவில் கண்டுபிடித்தது. பாண்டியம்மாள் அடியின் நீளத்தைக் குறைத்துக்கொண்டாள். பாதம் பாதமாக வைத்தாள். ஒவ்வொரு அடியிலும் வலது கால் தொட்டது, நின்றது, ஊன்றியது. நடுச்சரிவில் ஒரு தடவை அவள் குதிகாலுக்கு அடியில் மண் பெயர்ந்து உருண்டது. பானை சாய்ந்தது. காளிமுத்துவின் கை நீண்டது. என் கையும் நிற்கப் பார்த்தது. அந்த ஒரு அடியை நான் விட்டிருந்தால் அவள் எதைப் பிடித்து நின்றிருப்பாள் என்று இப்போதும் சில நாள் யோசிப்பேன். விடவில்லை. அடி விழுந்தது, அவள் இடது கால் அதன்மேல் வந்து நின்றது.

சரிவு முடிந்தும் ஆபத்து முடியவில்லை. தண்ணீர் பக்கத்தில் தெரிந்தால் எல்லாருக்கும் கால் பறக்கும், அடிக்கிறவனுக்குக் கை பறக்கும். அந்தக் கடைசி இருபது எட்டிலும் நான் ஒரு மயிரிழை ஏற்றவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, பெண்கள் பானையைக் கை கொடுத்து இறக்கினார்கள். மிச்சப் பயிர் மிதந்தது. அதற்குப் பிறகுதான் நான் குச்சியை நிறுத்தினேன். உள்ளங்கை இரண்டும் மரத்துப்போயிருந்தன. பொழுது உச்சிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

பாண்டியம்மாள் வெடித்த தரையில் உட்கார்ந்து, கணுக்கால் கட்டை அவிழ்த்தாள். அப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு கரைமேல் பார்த்தாள். டீக்கடையில் வேறு கையைப் பற்றிப் பேசியவர் அங்கே தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். அவள் இங்கிருந்தே சத்தம் போட்டாள்.

"சின்னய்யா, என்னைக்கு வெதப்பு?"

அவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி காப்புக் கயிற்றை அவிழ்க்கிற வேலையில் இருந்தார்.

"வெள்ளிக்கெழம" என்றார். "ஒங்கால் ஆறீருமா?"

"வெதக்கிறது கைதான சின்னய்யா. காலா வெதக்கப்போவுது?"

கரையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். அதற்குள் அவளோடு வேலைக்குப் போகிற பெண்களில் ஒருத்தி, வெள்ளிக்கிழமை யார் யார் வருகிறீர்கள் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்திருந்தாள்.

காளிமுத்து என்னை ஆர்.எஸ்.மங்கலத்தில் பஸ் ஏற்றிவிட்டான். பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்குக் கீழே வந்து, கரையில வஞ்சதை மனசுல வச்சுக்கிடாதண்ணே என்றான்.

அன்றைக்கு என்ன எண்ணில் அடித்தேன் என்று கேட்பீர்கள். அளக்கவில்லை. அளந்திருந்தால் உங்கள் நோட்டில் முளைப்பாரி என்று தலைப்புப் போட்டு அந்த எண்ணை எழுதிவிடுவீர்கள். அடுத்த ஊரில் வேறொருத்தி, வேறொரு காலோடு அதில் மாட்டிக்கொள்வாள். எண்ணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செட்டில் ஆறு பேரும் ஒன்றாகப் புறப்பட எண் வேண்டும். ஆனால் அதை எழுதியவர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதினார். எந்தக் கரை, என்ன சுமை, யார் கால் என்று அவருக்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டியது நீங்கள்தான். அடிப்பதற்கு முன்பு ஒரு தடவை பின்னால் திரும்பிப் பாருங்கள். அங்கே இருப்பதிலேயே கஷ்டப்பட்டு நடக்கிறவர் யார் என்று கண்டுபிடியுங்கள். அவருக்கு வேண்டிய வேகத்தை முடிவு செய்யுங்கள். முடிவு செய்த பிறகு யார் கேட்டாலும் மாற்றாதீர்கள். அவருடைய புருஷனே கேட்டாலும்.

மறுநாள் காலையில் இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு செட்டுக் கடைக்குப் போய் வேலை கேட்டேன். சைடு டிரம்முக்கும் ஆள் வேண்டும், பெரிய டிரம்முக்கும் ஆள் வேண்டும் என்றார் முதலாளி. என் கையில் சைடு டிரம்மைப் பார்த்துவிட்டு அதற்கே எழுதிக்கொள்ளப் போனார். பெரியதைக் கொடுங்கள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. கனம் அதிகம், வித்தை காட்ட இடமில்லை, வெயிலில் நெஞ்சை அழுத்தும். ஆனால் ஊர்வலத்தில் கால்களுக்குக் கேட்பது அந்த அடிதான்.

பெரியபட்டினம் போகிற ரோட்டுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் அன்றைக்குச் சாவு. போய் இறங்கியதும் பெரிய டிரம்மின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாடை தூக்க நின்ற நாலு பேரையும் பார்த்தேன். பின்னால் இடது பக்கம் நின்றவர் மற்ற மூவரையும்விடக் குட்டை, வயதும் அதிகம், காலில் செருப்பு இல்லை. தூக்கினார்கள். அவர் இரண்டு அடி வைக்கும்வரை பொறுத்திருந்தேன். மூன்றாவது அடிக்கு என் முதல் அடியைப் போட்டேன்.